எட்டு லிட்டர்

பெட்டியை லிட்டரில் அளப்பார்களாம்,
பாலைப் போல, பெயிண்டைப் போல.
நெலிடா சொன்னபோது சிரித்துவிட்டேன்.
வில்மார் சிரிக்கவில்லை.
விவாகரத்தாகி இரண்டு வருடமாகியும்
நான் எதற்குச் சிரிக்கிறேன் என்பதில்
அவனுக்கு இன்னும் சந்தேகம்.

மொண்டெவிடியோவில் ஜூலை.
ஆற்றுக்காற்று கடைக் கதவைத்
தானே திறக்கிறது, தானே சாத்துகிறது.
கவுண்டரில் எங்கள் காகிதம், என் கையெழுத்தில்.
முதல் வரி:
சிரோ ஒரு கக்கத்தில் இடுக்கித் தூக்க வேண்டும்.

ஊரே தெர்மாஸைக் கக்கத்தில் இடுக்கி நடக்கிற ஊர்.
நெலிடாவுக்கு அளவு உடனே புரிந்தது.
எட்டு லிட்டர், என்றாள்.
அதற்கு மேல் போனால் பையனுக்குத் தோள் இறங்கும்.

ஒரு வாரம் என் வீடு, ஒரு வாரம் அவன் வீடு.
நடுவில் பதினேழு பஸ் நிறுத்தங்கள்.

லேப்டாப்பே வாங்கலாமே என்று அக்கா கேட்டாள்.
இரண்டு வாங்கி இரண்டும் உடைந்தாயிற்று.
இதில் ஒன்று போனால்
அந்த ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.
அக்கா என்னையே பார்த்தாள்.
கம்ப்யூட்டரைத்தான் சொல்கிறேன், என்றேன்.

கிராபிக்ஸ் கார்டு கிடையாது.
பிராசஸரே படமும் காட்டும்.
சிரோ ஒன்றும் சொல்லாமல்
ஷூ நுனியால் தரையைத் தேய்த்தான்.
அடுத்த பிராசஸருக்கு ஏறினோம், இரண்டாயிரம் பெசோ கூட.

மெமரியில்தான் மாட்டிக்கொண்டோம்.
பதினாறு ஜிபி, ஒரே குச்சியா, எட்டும் எட்டுமா?
ஒன்றாக வாங்கினால் ஓர் இடம் காலியாக இருக்கும்,
பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம், என்றேன்.
பிற்பாடு என்று நீ சொன்ன எதை,
என்று ஆரம்பித்தவன்
நெலிடாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.
அவள் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னாள்:
இரண்டாகப் போட்டால்தான் வேகம்.
ஒரே வேலையை ரெண்டும் பாதிப்பாதி செய்யும்.
நாங்கள் இருவரும்
கீபோர்டுகளைப் பார்க்கத் தொடங்கினோம்.

அடாப்டர் மட்டும் இரண்டு.
அவன் வாரத்தில் என் மேசையில்
பெட்டி இருந்த இடத்தில் தூசி இல்லாத ஒரு சதுரம்,
பக்கத்தில் அடாப்டர்,
எதற்கும் மின்சாரம் கொடுக்காமல்
பச்சை விளக்கை எரித்துக்கொண்டு.
பிடுங்கிவைக்கலாம்.
பிடுங்குவதில்லை.

சனிக்கிழமை அவன் சமையலறையில் சேர்த்தோம்.
நான் அங்கே உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.
மேசை விரிப்பு புதிது.
போர்டை சிரோ வைத்தான், திருகுகளை வில்மார் முடுக்கினான்,
நான் டார்ச் பிடித்தேன்.
எல்லாம் உட்கார்ந்தது. மூடிதான் உட்காரவில்லை.
கூலர் ஐம்பத்துநாலு மில்லிமீட்டர் உயரம்.
பெட்டிக்குள் இடம் நாற்பத்தேழு.

ஏழு மில்லிமீட்டர்.
சிரோவின் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை.

காகிதத்தை எடுத்துப் பார்த்தேன்.
நாற்பத்தேழை நான் எழுதியிருந்த அழகுக்கு
ஐம்பத்தேழு என்றுதான் யாரும் படிப்பார்கள்.
வில்மாரும் எட்டிப் பார்த்தான்.
இனி வரும் என்று காத்திருந்தேன்,
என் கையெழுத்து, என் அவசரம்,
அடுப்பில் வைத்துவிட்டு மறந்த அந்தப் பால்வரை.
வரவில்லை.
கெட்டிலில் தண்ணீர் வைக்கப் போனான்.

திங்கட்கிழமை அவனே போய் மாற்றிவந்தான்.
குட்டைக் கூலர், முந்நூறு பெசோ அதிகம்.
கணக்கில் எழுதவில்லை.
சத்தம் கொஞ்சம் உண்டு,
யாரோ பக்கத்து அறையில் தூங்குகிற மாதிரி.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில்
பெட்டி சிரோவின் மடியில் வந்தது, ஒரு துண்டில் சுற்றி.
இரண்டு வீட்டு வைஃபையும் அதற்குத் தெரியும்.
எங்கே இருக்கிறோம் என்று யாரையும் கேட்காது.

என் பங்கு நூற்றைம்பது பெசோவை
உறையில் போட்டு அந்தத் துண்டுக்குள் வைத்து அனுப்பினேன்.
அடுத்த வாரம் அப்படியே திரும்பி வந்தது.
மறுபடி வைத்தேன்.
செப்டம்பர் ஆகிவிட்டது.
உறையின் மூலைகள் மழுங்கிவிட்டன,
இன்னும் போய்வருகிறது.